கடைசி ஐந்து மில்லிகிராமுக்கு எனக்குப் பதினொரு மாதம் ஆனது

"எட்டு வருடம் மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுவிட்டு நிறுத்தினேன். மூன்று வாரமாகத் தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போல் இருக்கிறது, தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. நோய் திரும்பிவிட்டதா? இதை எப்படித் தாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் யாராவது உங்களிடம் "மனத்தைத் திடமாக வைத்துக்கொள்" என்று இதற்குள் சொல்லியிருப்பார்கள். என்னிடம் என் அக்கா சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள், ஆனால் அந்தச் சொல் என்னை இன்னும் இரண்டு வாரம் வாயைத் திறக்கவிடாமல் செய்தது. அந்த வெட்டுக்கும் மனத்திடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பல ஆண்டுகளாக ஒரு மருந்துக்கு ஏற்றபடி தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்ட மூளையிடமிருந்து அந்த மருந்தைச் சட்டென்று பிடுங்கினால் அது தடுமாறுகிறது. அவ்வளவுதான்.

நான் மருத்துவர் அல்ல. புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் தொழில். 2008இல் பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையை 20 மில்லிகிராமில் ஆரம்பித்தேன். அது என்னைக் காப்பாற்றியது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மருந்தை நிறுத்துவது பற்றி ஒருவர் வாய் திறந்தாலே "மாத்திரைக்கு எதிராகப் பேசி நோயாளிகளைப் பயமுறுத்துகிறாய்" என்று பாய்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த என்னை எழுப்பி நடக்கவைத்தது அந்த மாத்திரைதான். எனக்குக் கோபம் மாத்திரையின் மீது இல்லை. அதை எப்படி விடுவது என்று யாரும் சொல்லித்தராததன் மீது.

2018இல் முதல்முறை நிறுத்தினேன். அதற்கு முன் வருடக்கணக்கில் நன்றாக இருந்தேன், இனி மாத்திரை வேண்டாம் என்று தோன்றியது. அப்போதைய மருத்துவர் ஐந்து நிமிடத்தில் திட்டம் சொல்லிவிட்டார்: இரண்டு வாரம் 10 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்திவிடலாம். "ஏதாவது தொந்தரவு வருமா?" என்று கேட்டேன். "லேசாக இருக்கும், ஒரு வாரத்தில் போய்விடும்" என்றார்.

கடைசி மாத்திரை முடிந்த மூன்றாம் நாள் மேசையில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி முடிந்து கண் அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிய கணத்தில் தலைக்குள் ஒரு வெட்டு. வலி இல்லை. விளக்கு ஒரு நொடி அணைந்து எரிவது போல நானே ஒரு நொடி அணைந்து எரிந்தேன். அடுத்த வரியின் முடிவில் மறுபடியும். ஒரு பக்கத்துக்கு முப்பது வரிகள் என்றால் முப்பது முறை கண் திரும்ப வேண்டும். என் பிழைப்பே கண்ணைப் பக்கவாட்டில் நகர்த்துவதுதான். கண்ணை நகர்த்தாமல் தலையை மட்டும் திருப்பிப் படித்துப் பார்த்தேன். ஓர் அட்டையில் துளை வெட்டி, அதன் வழியே நாலைந்து சொற்களாகப் படித்தேன். கண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும்போதுதான் இந்த வெட்டு அதிகமாக வருகிறது என்று இதை அனுபவித்தவர்கள் பலர் சொல்லியிருப்பதைப் பிற்பாடுதான் படித்தேன். அப்போது எனக்குப் பக்கவாதம் வரப்போகிறது என்றே நம்பினேன்.

மற்றவையும் வந்தன. குமட்டல், வியர்வை, கப்பலில் நடப்பது போன்ற தள்ளாட்டம், விடிய விடிய உயிரோட்டமான கெட்ட கனவுகள். எல்லாவற்றையும்விட மோசமானது கோபம். பென்சிலைக் கீழே போட்டதற்காக என் மகளை நான் கத்திய கத்தலை இன்றும் மறக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் கணவர் என்னை மருத்துவரிடம் கூட்டிப் போனார். "நோய் திரும்பிவிட்டது, இனி வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டியதுதான்" என்று சொல்லி மறுபடியும் 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்.

மூன்றே நாளில் எல்லாம் போய்விட்டது. நோய் திரும்பியிருந்தால் மூன்று நாளில் போயிருக்குமா? 2008இல் அதே மாத்திரை எனக்கு வேலை செய்ய ஐந்து வாரம் ஆனது. இந்தக் கேள்வி எனக்கு உறைக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை "நான் மாத்திரை இல்லாமல் வாழ முடியாதவள்" என்ற தீர்ப்பைச் சுமந்துகொண்டிருந்தேன்.

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இதுதான் என் பதில். மாத்திரையை விட்டதால் வரும் அவதி பெரும்பாலும் சில நாட்களிலேயே தொடங்கிவிடும். வெட்டு, தள்ளாட்டம், குமட்டல் என்று பழைய நோயில் இல்லாத உடல் அறிகுறிகள் கூடவே வரும். மருந்தை மீண்டும் எடுத்தால் விரைவில் அடங்கும். நோய் திரும்புவது வழக்கமாக வாரங்கள், மாதங்கள் கழித்து, மெல்ல, பழைய முகத்தோடு வரும். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு பக்கமும் இருப்பதால்தான் மருத்துவர்களே குழம்புகிறார்கள். எந்த மருந்து என்பதும் முக்கியம். பராக்ஸெட்டின் சுமார் ஒரு நாளில் உடலில் பாதியாகிவிடும். வென்லாஃபாக்ஸின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து சில மணி நேரத்திலேயே. ஆகவே அவற்றை விட்டால் அவதி சீக்கிரம் வரும். ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மருந்தும் அதிலிருந்து உடலில் உண்டாகும் பொருளும் வாரக்கணக்கில் தங்கும் என்பதால், அதை விட்டவர்களுக்குச் சில வாரம் ஒன்றும் தெரியாமல் இருந்து பிறகு தொடங்கலாம். எனக்குச் சொல்லப்பட்ட "ஒருநாள் விட்டு ஒருநாள்" முறை ஏன் தவறு என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒரு நாளில் பாதியாகும் மருந்தை ஒருநாள் விட்டு எடுத்தால், இறக்கத்தையும் ஏற்றத்தையும் மூளை ஒவ்வொரு இரண்டு நாளும் புதிதாக அனுபவிக்கிறது. அதற்குப் பெயர் குறைப்பது ஆகாது.

அந்த "ஒரு வாரத்தில் போய்விடும்" என்ற வாக்கியத்தை என் மருத்துவர் சொந்தமாகச் சொல்லவில்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது: பொதுவாக லேசானது, சுமார் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கும் என்று. பாதிக்கப்பட்டவர்கள் பல ஆண்டுகள் கத்திய பிறகு, 2019 அக்டோபரில்தான் அதைத் திருத்தினார்கள். சிலருக்குக் கடுமையாகவும் நீண்ட காலமும் இருக்கக்கூடும் என்று இப்போது எழுதியிருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை ஒரு வருடம் தாமதம்.

இங்கே கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெட்டு வெட்டாகப் படித்த அந்த நாட்களில் நான் முடித்துக் கொடுத்த புத்தகத்தில் இரண்டு பிழைகள் தங்கிவிட்டன. பதிப்பாளர் கூப்பிட்டுத் திட்டினார். அதே புத்தகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகளைத் திருத்தியிருந்தேன், அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இப்போது அந்தப் பதிப்பகம் "கணினி பார்த்துக்கொள்ளும்" என்று மெய்ப்புத் திருத்துபவர்களையே வைப்பதில்லை. அவர்கள் வெளியிடும் ஒரு மருத்துவ நூலில் மில்லிகிராம் என்பது கிராம் என்று அச்சாகியிருந்ததை நானே பார்த்தேன். மருந்தளவில் அது ஆயிரம் மடங்கு வித்தியாசம். எழுதிச் சொன்னேன், பதில் வரவில்லை. மருந்து உறைக்குள் மடித்து வைக்கும் தாளும் அப்படித்தான். மனிதக் கண்ணால் படிக்க முடியாத பொடி எழுத்தில் எதை வைத்தாலும் அது சொன்னதாகக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2021 தொடக்கத்தில் வேறொரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். அவர் ஒரு தாளில் வளைகோடு ஒன்று வரைந்து காட்டினார். 2019இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் லான்செட் சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் இருப்பது அது. மருந்தளவும் மூளையில் அதன் பிடியும் ஒரே விகிதத்தில் இறங்குவதில்லை. அவர்கள் சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தை வைத்து விளக்கியிருந்தார்கள். 20 மில்லிகிராமில் அது மூளையின் செரோட்டோனின் கடத்திகளில், அதாவது செரோட்டோனின் என்ற வேதிப்பொருளை நரம்பணுவுக்குள் திரும்ப இழுத்துக்கொள்பவற்றில், சுமார் 80 சதவீதத்தைப் பிடித்து வைக்கிறது. 9 மில்லிகிராம் அளவுக்குக் குறைத்த பின்னும் பிடி 70 சதவீதம். ஆனால் 50 சதவீதத்துக்கு வர 3.4 மில்லிகிராம், 20 சதவீதத்துக்கு வர 0.8 மில்லிகிராம். மேலே பதினொரு மில்லிகிராம் குறைத்ததில் பிடி பத்து சதவீதம்தான் தளர்ந்தது. கீழே ஒரே ஒரு மில்லிகிராம் அதைவிடப் பெரிய பள்ளம். சின்ன மாத்திரைதானே என்று பத்திலிருந்து பூஜ்யத்துக்குக் குதித்தவர்கள் ஏன் விழுந்தோம் என்று அந்தக் கோட்டைப் பார்த்ததும் புரிந்தது. நான் அந்த அறையிலேயே அழுதேன்.

எனக்கு மருத்துவர் திரவ மருந்து எழுதிக் கொடுத்தார். 5 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் இருக்கும், அதனால் ஒரு மில்லிகிராமுக்கு அரை மில்லிலிட்டர். ஊசி இல்லாத சிரிஞ்சில், புட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டு அளந்து எடுத்தேன். 20இலிருந்து 5 வரை வர எட்டு மாதம். 5இலிருந்து பூஜ்யத்துக்குப் பதினொரு மாதம். முதலில் இரண்டிரண்டு மில்லிகிராமாக இறங்கினேன், கடைசியில் கால் மில்லிகிராம்கூடப் பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வொரு படியிலும் உடல் அடங்கும்வரை, குறைந்தது நான்கு வாரம் நின்றேன். 3 மில்லிகிராமில் மோசமாகிவிட்டது. 3.5க்கு ஏறி இரண்டு மாதம் அங்கேயே இருந்தேன். அதைத் தோல்வி என்று நினைத்து மருத்துவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மாடிப்படியில் கால் வழுக்கினால் ஒரு படி மேலே போய் நிற்பதற்கு யாரம்மா மன்னிப்புக் கேட்பார்கள்?" என்றார்.

இதை அப்படியே நகல் எடுக்காதீர்கள். என் வேகம் என்னுடையது. சில மாத்திரைகளை, குறிப்பாக மெல்லக் கரையும்படி செய்தவற்றை, உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. எல்லா மருந்தும் திரவமாக வருவதும் இல்லை. மருத்துவரும் மருந்தாளரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியவை இவை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் என்னைப்போல் ஆவதில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2024இல் லான்செட் சைக்கியாட்ரியில் வந்த தொகுப்பாய்வின்படி, நிறுத்தியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ அறிகுறி வருகிறது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலேயே ஆறில் ஒருவருக்கு வருகிறது. கடுமையான அவதி சுமார் 35 பேரில் ஒருவருக்கு. பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களைப் பற்றிய ஆய்வுகள் அதில் குறைவு என்ற விமரிசனம் இருக்கிறது, எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அதேபோல் எல்லோரும் நிறுத்தியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2021இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நீண்ட காலமாக மருந்து எடுத்து நலமாக இருந்த 478 பேரைப் பின்தொடர்ந்தார்கள். நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது, தொடர்ந்து எடுத்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு. ஒருவர் தொடர்ந்து சாப்பிடுவதாக முடிவெடுத்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "போதைக்கு அடிமை" என்று சொல்பவர்களுக்கும் ஒரு சொல்: எனக்கு ஒருநாளும் அந்த மாத்திரைக்காக ஏக்கம் வந்ததில்லை, அளவைக் கூட்டத் தோன்றியதில்லை. உடல் பழகிவிடுவது வேறு, போதை வேறு.

தாங்குவதற்கு எனக்கு உதவியவை சாதாரணமானவை. அவதி அலை அலையாக வரும், நடுவே நல்ல நாட்கள் வரும் என்று தெரிந்துகொண்டதே பாதி பலம். நல்ல நாளில் பாய்ந்து அளவைக் குறைக்காமல் இருந்தேன். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஒரே நேரத்தில் எழுந்தேன். தலை சுற்றும் நாளில் வண்டி ஓட்டவில்லை. மது வேண்டாம், "இயற்கையானது" என்று யாராவது கொடுக்கும் மூலிகை மாத்திரையும் வேண்டாம். பெரிய முடிவு எதையும் அந்த மாதங்களில் எடுக்கவில்லை. மகளிடம் "அம்மாவுக்கு இன்று அலை நாள், உன் மேல் கோபம் இல்லை" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அவள் எட்டு வயதில் புரிந்துகொண்டதைப் பெரியவர்கள் பலர் புரிந்துகொள்ளவில்லை.

ஓரிடத்தில் நிற்கவோ உட்காரவோ முடியாத பரபரப்பு வந்தாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, அது விட்டதன் விளைவா நோயா என்று நீங்கள் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மற்றபடி, இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். மூன்று வாரம் ஆகியிருக்கிறது, சிறிய அளவில் மறுபடி தொடங்கி மெல்ல இறங்கலாமா என்று கேளுங்கள். வெறுமனே தாங்கித்தான் ஆக வேண்டும் என்பது இல்லை. அவர் "நோய் திரும்பிவிட்டது" என்று ஒரே சொல்லில் முடித்தால் இன்னொருவரைப் பாருங்கள். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளில் குறைத்தீர்கள், கடைசி மாத்திரை எந்தத் தேதி, முதல் வெட்டு எந்தத் தேதி. என் இரண்டாவது மருத்துவர் முதலில் கேட்டது அந்தக் கடைசி இரண்டு தேதிகளைத்தான்.