வீடு ஏலத்துக்கு வருகிறது: சட்டத்தரணியிடம் எப்போது, எதைக் கொண்டு போவது?

கேள்வி: புதுக்குடியிருப்பில் கடை நடத்துவதற்காக வீட்டுக் காணியை வங்கியில் ஈடு வைத்துக் கடன் எடுத்தேன். தவணைகள் நிலுவையாகி, இப்போது ஏல அறிவித்தல் பதிவுத் தபாலில் வந்திருக்கிறது. சட்டத்தரணியைப் பிடிப்பதால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் ஏலத்துக்கு முன் போகவேண்டும். ஏலம் முடிந்து விற்பனைச் சான்றிதழ் எழுதப்பட்டுவிட்டால், வாங்கியவர் மாவட்ட நீதிமன்றத்தில் உடைமை கேட்டு நிற்பார். அதன்பின் வீட்டை மீட்பது மிகவும் கடினம்.

பராட்டே சட்டம் என்று நாம் சொல்லும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வங்கி வழக்குப் போடத் தேவையில்லை. பணிப்பாளர் சபைத் தீர்மானம் ஒன்றே ஏலத்துக்குப் போதும். ஆனால் 2011இல் வந்த திருத்தம் உங்களுக்குக் கைகொடுக்கலாம். அந்தத் திருத்தத்தின்படி, கடனாக எடுத்த முதல் தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவென்றால் இந்த வழியில் ஏலம்விட முடியாது. வங்கி நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். வட்டியும் தண்டமும் அந்தக் கணக்கில் சேரா. கடன் ஒப்பந்தத்தை இன்றே எடுத்து முதல் எவ்வளவு என்று பாருங்கள். இடையில் கடனை மறுசீரமைத்தபோது பழைய வட்டியையும் கூட்டிப் புது முதலாக எழுதியிருந்தால் அந்தத் தாள்கள் தனியாக வேண்டும். பழைய வட்டியைக் கழித்தால் முதல் அந்த எல்லைக்குக் கீழே வருகிறது என்று சட்டத்தரணி வாதிடக்கூடிய இடம் அதுதான்.

காணி எந்த வகை என்பதும் வன்னியில் பெரிய விடயம். அரசு பத்திரம் எழுதித் தந்த அனுமதிப்பத்திரக் காணியோ அளிப்புக் காணியோ என்றால், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு மாறாக எழுதிய ஈடு செல்லாது. பத்திரத்தையும், பிரதேச செயலகம் எழுத்தில் தந்த சம்மதம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். கூடவே ஈட்டு உறுதி, கட்டிய பற்றுச்சீட்டுகள், வங்கிக் கூற்று, வந்த கடிதங்கள் எல்லாம் வேண்டும். உறைகளை எறியாதீர்கள்; தபால் முத்திரைதான் திகதிக்குச் சாட்சி. ஏல அறிவித்தல் ஏல நாளுக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் வர்த்தமானியில் வரவேண்டும். அது பிந்தியிருந்தால், ஏலத்தை நிறுத்த நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்க அதுவும் ஒரு காரணம்.

ஈட்டு உறுதியை முடித்த நொத்தாரிசிடமே போகவேண்டாம், அவர் பெரும்பாலும் வங்கிக்கு வேலை செய்பவர். யாரிடம் போனாலும், அந்த வங்கிக்கு ஆஜராகிறீர்களா என்று முதலில் கேளுங்கள். ஆலோசனை, கடிதம், தடையுத்தரவு மனு, ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் ஆஜராவது என்று கட்டணத்தைப் பிரித்துக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்கவே கூடாது. சட்டத்தரணி வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

தடையுத்தரவு கடனை அழிக்காது. நீதிமன்றம் ஒரு தொகையைக் கட்டச் சொல்லவும் கூடும். ஏல நாளுக்கு முன் முழு நிலுவையையும் செலவுகளையும் கட்டினால் வங்கி விற்க முடியாது. தவறிய தவணைகளை மட்டும் கட்டினால் ஏலத்தை நிறுத்துவது வங்கிப் பணிப்பாளர் சபையின் விருப்பம். அதனால் சட்டத்தரணி மனுவைத் தயாரிக்கும்போதே, மாதம் எவ்வளவு கட்டமுடியும் என்பதையும் வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள்.