பாதிக் கோப்பும் முழுக் கோப்பும்: நோட் ஜேஎஸ் பதிவிறக்கம் பற்றிய கேள்விகள்

நோட் ஜேஎஸ்ஸிலேயே ஃபெட்ச் வந்துவிட்ட பிறகு, பதிவிறக்கத்துக்கென்று தனி லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) எதற்கு? (திருமங்கலம்)

2022 ஏப்ரலில் வெளிவந்த 18ஆம் பதிப்பிலிருந்து, இணையத்திலிருந்து தரவை எடுத்துவரும் ஃபெட்ச், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் ஜேஎஸ்ஸுடனேயே வருகிறது. ஒரே ஒரு சிறிய கோப்பை எடுப்பதற்கு அதுவே போதும். ஆனால் ஃபெட்ச்சின் வேலை பைட்டுகளைக் கொண்டுவந்து வாசலில் சேர்ப்பதோடு முடிகிறது. வட்டில் எழுதுவது, பெயர் சூட்டுவது, அறுந்தால் மறுபடி முயல்வது எல்லாம் நம் பொறுப்பு. போதாததற்கு, 404 என்று பதில் வந்தாலும் ஃபெட்ச் அதைப் பிழையாகக் கருதாது. ஓகே என்ற பண்பை நாமே சோதிக்காவிட்டால், ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற ஹெச்டிஎம்எல் பக்கம் பிடிஎஃப் என்ற பெயரில் வட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். இவற்றைக் கவனித்துக்கொள்ளும் நூறு வரி லைப்ரரி ஒன்று இருந்தால், நல்லதுதான். 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்ட ரிக்வெஸ்ட் லைப்ரரியைப் பழக்கத்தால் இன்னும் நிறுவுகிறவர்கள் மட்டும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

1 ஜிபி ராம் உள்ள சர்வரில் 2 ஜிபி வீடியோவை இறக்கினால் புரோகிராம் செத்துவிடுகிறது. (மேலூர்)

கோப்பு முழுவதையும் அரே பஃபராக நினைவகத்தில் வாங்கிய பிறகு எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்ட்ரீமாக வாங்கி, வரவர எழுதுங்கள். பெரியாறு கால்வாயின் கடைமடைக்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வயல் குடிக்கிற அளவுக்குத்தான் மடையைத் திறக்க வேண்டும். வட்டு எழுதத் திணறும்போது நெட்வொர்க் பக்கத்து மடையைத் தானாக அடைத்து, எழுதி முடித்ததும் திறப்பதுதான் ஸ்ட்ரீமின் வேலை. வாங்கும் முனையையும் எழுதும் முனையையும் இணைப்பதற்குப் பைப் என்ற கட்டளை வேண்டாம், பைப்லைன் வேண்டும். ஏனென்றால் மூலத்தில் பிழை நேர்ந்தால் பைப் எழுதும் முனையை மூடாமல் அப்படியே விட்டுவிடும், பைப்லைனோ இரண்டு பக்கத்தையும் மூடிப் பிழையை நம் கையில் கொடுக்கும்.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகளை இறக்கினால் பெயர் கிறுக்கலாக வருகிறது. (மதுரை, கே.கே. நகர்)

கோப்பின் பெயர், சர்வர் கோப்புக்கு முன்னால் அனுப்பும் குறிப்புகளில் (ஹெடர்) ஒன்றான கன்டென்ட்-டிஸ்போசிஷன் என்ற ஹெடரில் வருகிறது. முறையான சர்வர், அதில் ஃபைல்நேம் என்பதற்குப் பின் ஒரு நட்சத்திரக் குறியிட்டு, தமிழ்ப் பெயரை யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) சதவீதக் குறியீடுகளாக மாற்றி அனுப்பும். அந்த வடிவம் இருந்தால் அதையே முதலில் எடுக்க வேண்டும். பல சர்வர்கள் யூடிஎஃப்-8 பைட்டுகளை அப்படியே அனுப்பிவிடுகின்றன, நோட் ஜேஎஸ்ஸோ ஹெடரை, ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று கொள்ளும் லத்தீன்-1 என்று எண்ணிப் படிக்கிறது. ‘மதுரை’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் மொத்தம் 15. இந்தப் பதினைந்தையும் லத்தீன்-1 பதினைந்து தனி எழுத்துகளாகக் காட்டுவதே நீங்கள் பார்க்கும் கிறுக்கல். அந்தச் சரத்தை லத்தீன்-1 பஃபராக மாற்றி, யூடிஎஃப்-8 ஆகத் திரும்பப் படித்தால் மதுரை மதுரையாகவே வந்துவிடும்.

லினக்ஸின் வழக்கமான ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள்தான் இடம் என்பதால், தமிழில் 85 குறிகளுக்கு மேல் செல்லாது. அரசாணைத் தலைப்பு முழுவதையும் பெயராக வைக்கிறவர்கள் கவனிக்க. சர்வர் அனுப்பும் பெயரில் சாய்கோடுகளும் இரட்டைப் புள்ளிகளும் வேண்டுமென்றே நுழைக்கப்பட்டிருக்கலாம். பாதையை நீக்கிக் கடைசிப் பெயரை மட்டும் தரும் பேஸ்நேம் வழியாக வடிகட்டாமல் எழுதினால், உங்கள் கோப்புறைக்கு வெளியே போய் வேறு எதையாவது அழித்து எழுதிவிடும்.

பராமரிப்பு மின்தடையில் பாதியில் நின்றதை விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா? (உசிலம்பட்டி)

முடியும், சர்வர் ஒத்துழைத்தால். கையிலிருக்கும் பைட்டுகளின் எண்ணிக்கையை ரேஞ்ச் ஹெடரில் அனுப்புங்கள். 206 (கேட்ட பகுதி மட்டும்) என்று பதில் வந்தால் மட்டும் கோப்பின் வாலில் சேருங்கள், 200 (முழுக் கோப்பு) வந்தால் முதலிலிருந்து எழுதுங்கள். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ரேஞ்சை மதிக்காத ஒரு சர்வர் முழுக் கோப்பையும் திரும்ப அனுப்ப, என் புரோகிராம் அதைப் பாதிக் கோப்பின் வாலில் ஒட்டிவைத்தது. திறக்க மறுத்த அந்த ஜிப் கோப்பின் அளவு ஒன்றரை மடங்காக இருந்ததைப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. இடைவேளையில் சர்வரில் கோப்பே மாறியிருக்கவும் கூடும் என்பதால், முதல் பதிலில் வந்த ஈடேகை (கோப்பின் பதிப்பை அடையாளம் காட்டும் குறி) இஃப்-ரேஞ்ச் ஹெடரில் சேர்த்தனுப்புவது அவசியம்.

முன்னேற்றப் பட்டை 100 சதவீதத்தைத் தாண்டி 340 என்று காட்டுகிறது. (வாடிப்பட்டி)

சர்வர் கோப்பின் அளவை அறிவிக்கும் கன்டென்ட்-லெங்த் ஹெடர் சொல்வது ஜிஜிப் முறையில் சுருக்கிய அளவு, நீங்கள் எண்ணுவதோ விரித்த பைட்டுகள். அக்செப்ட்-என்கோடிங் ஹெடரில் ஐடென்டிட்டி, அதாவது சுருக்காமல் அனுப்பு, என்று கேளுங்கள்.

சிறிய லைப்ரரிகள் ஏராளமாக உள்ளன. எதை நம்பி எடுப்பது? (மதுரை, அண்ணா நகர்)

எத்தனை டிபென்டன்சிகளை (அது சார்ந்திருக்கும் பிற லைப்ரரிகளை) இழுத்து வருகிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லாதது உத்தமம். அதன்பின் சொந்தக் கணினியிலேயே பத்து வரியில் ஒரு போலி சர்வர் எழுதி, கன்டென்ட்-லெங்த் 1000 என்று அறிவித்துவிட்டு 500 பைட் அனுப்பியதும் சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்பை) அறுத்துவிடச் செய்யுங்கள். நல்ல லைப்ரரி பிழையை எறியும். கோப்புறையில் இறுதிப் பெயரில் எதுவும் இருக்காது, பார்ட் என்ற பின்னொட்டோடு தற்காலிகக் கோப்பு ஒன்று வேண்டுமானால் இருக்கலாம். முழுதும் வந்த பிறகே அதற்கு உரிய பெயர் சூட்ட வேண்டும். அந்தத் தற்காலிகக் கோப்பும் அதே கோப்புறையில் இருக்கட்டும். வேறொரு வட்டில் உள்ள டெம்ப் கோப்புறையில் எழுதினால், பெயர் மாற்றும் கடைசி நொடியில் ஈஎக்ஸ்டெவ் (வட்டு விட்டு வட்டுக்குப் பெயர் மாற்ற முடியாது) என்ற பிழையோடு நிற்கும்.