மேடைக்குப் பின்னால் இண்டர்காம்: கேள்வி பதில்

நாடகம், கச்சேரி, கோயில் விழா நேரலை என்று போகிற இடமெல்லாம் இண்டர்காம், அதாவது மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள் ஹெட்செட்டில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வசதி, போட்டுக் கொடுப்பது என் வேலை. ஒயர் போட்ட இண்டர்காம் பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பாதிக்கு மேல் "குரல் சரியில்லை" என்ற புகார்கள்தான். பிடித்துக்கொண்டே போனால் அவற்றில் பெரும்பாலானவை மின்சாரத்தில் போய் நிற்கும்.

கல்லூரி நாடகக் குழு, தஞ்சாவூர்: எங்களுக்கு ஆறு பேர் பேச வேண்டும். என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு பேஸ் ஸ்டேஷன் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் மையப் பெட்டி, ஒருவர் அதிலேயே பேசலாம்), ஐந்து பெல்ட்பேக் (மற்றவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி), ஆறு ஹெட்செட், மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிள்கள் (மைக்குக்குப் போடும் அதே வகை). அவ்வளவுதான். எல்லோரும் ஒரே லைனில் இருப்பார்கள், ஒருவர் பேசினால் மற்ற எல்லோருக்கும் கேட்கும். இதைத்தான் பார்ட்டி லைன் என்கிறோம். கிளியர்காம் (Clear-Com) கம்பெனியின் முறையில் 1-ஆம் பின் கிரவுண்ட், 2-ஆம் பின்னில் 30 வோல்ட் டிசி, 3-ஆம் பின்னில் குரல். பேஸ் அனுப்பும் அந்த 30 வோல்ட்டில்தான் பெல்ட்பேக் எல்லாம் ஓடுகின்றன, பேட்டரி கிடையாது. 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் ராக் கச்சேரிகளின் இரைச்சலுக்கு நடுவே பேசுவதற்காகத் தொடங்கிய கம்பெனி கிளியர்காம். இன்று சந்தையில் கிடைக்கும் மலிவான செட்களில் பலவும் அதே பின் வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. ஆனாலும் வாங்கும்போது மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலி உதவியாளர், மதுரை: இரண்டு செட்டை ஒன்றாகச் சேர்த்தோம். குரல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு பேஸை எடுத்துவிட்டால் சரியாகிறது. ஏன்?

டெர்மினேஷன், அதாவது லைனை முடித்து வைக்கும் ரெசிஸ்டர்தான் காரணம். குரல் போகும் லைனில் எங்கேயாவது ஓர் இடத்தில் 200 ஓம் இருக்க வேண்டும், அது பேஸுக்குள்ளேயே இருக்கிறது. பெல்ட்பேக் தன் குரலைக் கரண்டாக லைனில் விடுகிறது. அந்த 200 ஓமின் குறுக்கே உண்டாகும் வோல்டேஜைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு பேஸைச் சேர்த்தால் 100 ஓம் ஆகிவிடும், குரல் 6 டெசிபல் இறங்கிவிடும். ஒரு பேஸில் டெர்மினேஷன் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். இரண்டு பேஸின் 30 வோல்ட்டையும் ஒன்றோடொன்று முட்ட விடாதீர்கள். இணைக்கும் கேபிளில் 2-ஆம் பின்னை மட்டும் வெட்டிவிட்டு 1, 3 இரண்டையும் கொண்டுபோங்கள்.

நேர்மாறான கோளாறும் உண்டு. எங்கேயுமே டெர்மினேஷன் இல்லையென்றால் குரல் எகிறும், லைன் "கீ…" என்று கத்தும். அப்போது பலர் ஹெட்செட்டைத்தான் சந்தேகப்பட்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

நேரலைக் குழு, கும்பகோணம்: தேர்த் திருவிழாவுக்கு 150 மீட்டர் தள்ளி கேமரா. கடைசியில் இருப்பவர் பேசினால் குரல் கரகரக்கிறது, கால் (call) லைட், அதாவது ஒருவரைக் கூப்பிட எரியவிடும் விளக்கு, மங்கலாக எரிகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண 24 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) மைக் கேபிளில் ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்கு சுமார் 8.4 ஓம். போக 150 மீட்டர், வர 150 மீட்டர் என்றால் மொத்தம் 25 ஓம் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்பேக் ஒன்று 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றால், ஒன்றே ஒன்று இருக்கும்போது இழப்பு ஒன்றேகால் வோல்ட். அது ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தக் கோடியில் எட்டு பெல்ட்பேக்கை ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்தால் 0.4 ஆம்பியர், இழப்பு 10 வோல்ட். 30-இல் கிளம்பியது 20 ஆகத்தான் போய்ச் சேரும். பல பெல்ட்பேக்குகள் திணற ஆரம்பிக்கும் இடம் அதுதான்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மின்சாரமும் குரலும் திரும்பி வருவது ஒரே 1-ஆம் பின் வழியாக. அந்தக் கம்பி மெலிதாக இருந்தால், யாராவது கால் பட்டனை அழுத்தும்போதெல்லாம் மற்றவர் காதில் "டொக்" என்று விழும். அதனால் வோல்டேஜ் போதுமாக இருந்தாலும் தடிமனான கேபிள் போடுவது நல்லது. எல்லோரையும் ஒரே கேபிளில் தொங்கவிடாமல் பேஸிலிருந்தே இரண்டு, மூன்று கேபிளாகப் பிரித்து ஓட்டுங்கள். அல்லது பேஸையே கூட்டம் அதிகமுள்ள பக்கம் கொண்டுபோய் வையுங்கள். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கடைசி பெல்ட்பேக்குக்குப் போய், எல்லோரும் மைக்கை ஆன் செய்து கால் லைட்டும் எரியும்போது 1-க்கும் 2-க்கும் நடுவில் அளந்து பாருங்கள். யாரும் பேசாதபோது எடுத்த அளவை நம்பாதீர்கள்.

மேடை ஒலி, சென்னை: தனியாகக் கேபிள் இழுக்காமல் மைக் ஸ்நேக்கிலேயே (பல மைக் லைன்கள் ஒன்றாகப் போகும் தடித்த கேபிள்) இண்டர்காமை அனுப்பலாமா?

அனுப்பலாம், பலரும் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சேனல் மிக்சர் பக்கம் எதிலும் சொருகப்படக் கூடாது. தவறிப்போய் மிக்சரில் சொருகினால் 30 வோல்ட் நேராக மைக் இன்புட்டில் ஏறும். ஃபேண்டம் (மைக்குக்கு மிக்சர் அனுப்பும் மின்சாரம்) ஆனில் இருந்தால் அங்கிருந்து 48 வோல்ட் இந்தப் பக்கம் வரும். இரண்டு பக்கப் பிளக்கிலும் சிவப்பு டேப் சுற்றி "இண்டர்காம்" என்று எழுதி வையுங்கள். கச்சேரி மைக்குகளுக்குப் பக்கத்துச் சேனலைத் தவிர்த்துவிடுங்கள். ஆலாபனை நடுவே "லைட்டைக் குறை" என்று பிஏ ஸ்பீக்கரில் மெல்லக் கசிந்தால் பாடகர் உங்களை மன்னிக்க மாட்டார்.

நாடகக் கலைஞர், புதுச்சேரி: லைன் முழுக்க ஒரே உறுமல்.

கேபிளைப் பிரித்துப் பாருங்கள். எக்ஸ்எல்ஆரின் உலோகக் கூடும் 1-ஆம் பின்னும் சேர்த்து சால்டர் செய்யப்பட்டிருக்கிறதா? இண்டர்காமுக்கு அது கூடாது. கூடு ஏதாவது இரும்புச் சட்டத்தில் பட்டவுடன் லைனின் கிரவுண்டும் கட்டட எர்த்தும் சேர்ந்து வளையம் ஆகிவிடும். அப்புறம் டிம்மர் (லைட் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கேபிளோடு இண்டர்காம் கேபிளைக் கட்டி ஓட்டாதீர்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடந்து போகட்டும்.

எலக்ட்ரானிக்ஸ் மாணவர், கோவை: பேஸ் விலை அதிகம். 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வைத்து நானே செய்துகொள்ளலாமா?

கிளியர்காம் முறை பெல்ட்பேக் என்றால் முடியும். 2-ஆம் பின்னில் பவர், 1-க்கும் 3-க்கும் நடுவில் 200 ஓம் டெர்மினேஷன். கால் சிக்னல் 3-ஆம் பின்னிலேயே டிசியாகப் போவதால் ரெசிஸ்டரோடு தொடராக ஒரு கெப்பாசிட்டர் வேண்டும். இல்லையென்றால் ரெசிஸ்டர் அந்த டிசியை இழுத்துவிடும். உங்கள் பெல்ட்பேக் 24 வோல்ட்டில் ஓடுமா என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள். முக்கியமாக ஒவ்வொரு லைனுக்கும் ஃபியூஸ் போடுங்கள். நல்ல பேஸ், கேபிள் ஷார்ட் ஆனால் கரண்டைக் கட்டுப்படுத்தி நின்றுவிடும். பெரிய எஸ்எம்பிஎஸ் இருக்கிற ஆம்பியரையெல்லாம் அந்த மெலிந்த கேபிளில் கொட்டும்.

ஆர்டிஎஸ் (RTS) என்ற இன்னொரு கம்பெனியின் இரண்டு சேனல் பெல்ட்பேக்குக்கு இந்த வழி உதவாது. அதில் பவரும் முதல் சேனல் குரலும் ஒரே 2-ஆம் பின்னில் சேர்ந்தே போகின்றன. சாதாரண பவர் சப்ளை அந்தக் குரலை அப்படியே அமுக்கிவிடும். இதனால்தான் இரண்டு கம்பெனி பெல்ட்பேக்குகளை, பிளக் பொருந்துகிறதே என்று ஒரே லைனில் கலக்கக் கூடாது.

திருமண வீடியோ குழு, திருநெல்வேலி: ஏடெம் (ATEM) வீடியோ ஸ்விட்சரும் பிளாக்மேஜிக் ஸ்டூடியோ கேமராவும் வைத்திருக்கிறோம். தனி இண்டர்காம் வேண்டுமா?

உங்கள் ஸ்விட்சர் மாடலில் டாக்பேக் (கேமராமேன்களோடு பேசும்) வசதி இருந்தால் கேமராமேன்களுக்குத் தேவையில்லை. கேமராவுக்குத் திரும்பிப் போகும் எஸ்டிஐ வீடியோ கேபிளில் 15, 16-ஆம் ஆடியோ சேனல்களில் டாக்பேக் போய்விடும். லைட், மேடை ஆட்களுக்கு மட்டும் தனி லைன் போடுங்கள்.

அரங்க மேலாளர், திருச்சி: ஈபி போய் ஜெனரேட்டர் வருவதற்குள் இண்டர்காம் செத்துவிடுகிறது.

எல்லோரும் இருட்டில் நிற்கும் அந்த நேரத்தில்தான் குரல் கட்டாயம் வேண்டும். தலைக்கு மேல் தொங்குகிற மேடை செட் நகர்ந்துகொண்டிருந்தால், "நில்லுங்க" என்று ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழுந்தாக வேண்டும். பேஸுக்கென்றே ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். அதற்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குக்கு 84 வாட்-அவர். இழப்பையெல்லாம் கழித்து, பேட்டரி புதிதாக இருந்தால், 50 வாட் இழுக்கும் பேஸை அரை மணி நேரமாவது தாராளமாகத் தாங்கும். அந்த யூபிஎஸ்ஸில் வேறு எதையும் சொருக விடாதீர்கள், போன் சார்ஜர் உட்பட. விழாவுக்கு முந்தின நாள் மெயினை நீங்களே அணைத்துப் பாருங்கள்.

அதே மேலாளர்: ஹெட்செட்டைக் கழற்றி வைத்தால் எல்லோர் காதிலும் விசில் அடிக்கிறது.

கழற்றுவதற்கு முன் பெல்ட்பேக்கில் மைக்கை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். இயர்கப்பிலிருந்து வரும் ஒலி திறந்திருக்கும் மைக்குக்குள் போய்ச் சுற்றுகிறது. அப்படியும் நிற்கவில்லையென்றால் அந்த பெல்ட்பேக்கின் சைட்டோனை, அதாவது தன் குரல் தனக்கே கேட்கும் அளவை, கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.