தொல்லை தரும் வாசகரை நூலகத்திலிருந்து வெளியேற்றலாமா?

பொது நூலகத்தில் பிறருக்குத் தொல்லை தருபவரை வெளியேற்றினால் அவருடைய உரிமையைப் பறித்ததாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளியேற்றலாம். ஆனால் அவர் செய்த செயலுக்காக மட்டும். அவர் யார், பார்க்க எப்படி இருக்கிறார் என்பதற்காக அல்ல. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுன் நூலகம் வீடற்ற ஒருவரை வெளியேற்றியது வழக்கானது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தகவல் பெறுவது அரசியலமைப்பு தரும் உரிமைதான் என்றது. ஆனாலும் பிறரை முறைத்துப் பார்ப்பது, பின்தொடர்வது போன்றவற்றைத் தடுக்கும் விதிகள் செல்லும் என்றது. உடல் நாற்றம் பற்றிய விதியையும் ஏற்றது. (எனக்கு அது உறுத்தல்தான். குளிக்க இடமில்லாதவர் என்ன செய்வார்?)

பெரும்பாலும் சிக்கல் நூலக விதிகளில் வரும் "ஒழுங்கீனம்" போன்ற பிடிபடாத சொற்களில்தான். அதை அன்றைய ஊழியர் தன் மனப்போக்குக்கு ஏற்ப வளைத்துவிடலாம். கத்துவது, மிரட்டுவது என்று வெளிப்படையாக எழுதி வாசலில் ஒட்டுங்கள். முதலில் எச்சரிக்கை, பிறகு அன்றைக்கு மட்டும் வெளியேற்றம். நீண்ட தடை என்றால் காரணத்தை எழுதிக் கொடுத்து, முறையிடவும் வழி வையுங்கள். கைகலப்பு, ஆயுதம் என்றால் இந்த வரிசை வேண்டாம், நேரே போலீஸ்.

கண்காணிக்கக் கேமரா வைப்பதானால் அது வாசலில் இருக்கட்டும். யார் என்ன படிக்கிறார் என்று காட்டும் இடத்தில் வேண்டாம்.