கண்மாய்க்கரையில் என்ன கேட்பது?

வணக்கம் ஐயா,

சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாயைச் சீர்செய்ய இளைஞர்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். ஞாயிறுதோறும் சீமைக்கருவேலம் வெட்டுகிறோம். அடுத்து ஜேசிபி வைத்துத் தூர்வார எண்ணம். கூடவே, கண்மாய் பற்றிப் பெரியவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினோம். ஆறு பேரிடம் பேசியும் உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. எல்லோரும் "அந்தக் காலத்துல தண்ணி நெறையக் கெடந்துச்சு, சனங்க ஒத்துமையா இருந்தாக" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பதிவிலும் காற்றுச் சத்தம்தான் அதிகம். இதை விட்டுவிட்டு மண்வேலையை மட்டும் பார்க்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?

கே.

அன்புள்ள கே.,

விட்டுவிட வேண்டாம். ஜேசிபி உள்ளே இறங்குவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை அதுதான். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்தப் பக்கமிருந்து வந்தது, வயலுக்குத் தண்ணீர் விடும் பழைய மடையின் அடிமட்டம் எங்கே, மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கை யார் எப்போது உயர்த்தினார்கள் என்பதெல்லாம் ஊரில் சிலருடைய நினைவில்தான் இருக்கும். அதைக் கேட்காமல் தோண்டினால் மடை மட்டத்துக்குக் கீழே பள்ளம் விழும். அதில் கிடக்கும் தண்ணீர் ஆடு மாட்டுக்கு உதவும், வயலுக்குப் பாயாது. கரையடியை ஒட்டி மண் எடுத்தாலோ அடுத்த பெருமழையில் கரையே சரியும்.

அனுமதியையும் இப்போதே பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறைக் கண்மாய், குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்தின் யூனியன் கண்மாய். கேட்காமல் மண் அள்ளினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

பெரியவர்கள் பேசாததற்குக் காரணம் உங்கள் கேள்வி. "கண்மாயைப் பத்திச் சொல்லுங்க" என்றால் யாரும் மேடைப்பேச்சுதான் பேசுவார்கள். பொருளைக் கேளுங்கள், வேலையைக் கேளுங்கள். மடை திறக்கத் தண்ணிக்குள்ள இறங்குறது யாரு? மூச்சுப் பிடிச்சு எவ்வளவு ஆழம்? கூலி நெல்லா, பணமா? நெல்லுன்னா எத்தனை மரக்கால்? தண்ணி பத்தாத வருஷம் மொதல்ல தலைமடைக்கா, கடைமடைக்கா? கலுங்குக் கல்லுக்கு நடுவே பலகை கொடுத்து மண் அணைச்சா யாரு சண்டைக்கு வருவாங்க?

இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே ஒரு மணி நேரம் ஓடும். கலுங்கில் மட்டம் ஏறினால் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பக்கத்தில், நிலம் வைத்திருப்பவர் வயல் மூழ்கும். கலுங்கு வழிந்து மறுகால் பாயாவிட்டால் கீழ்க் கண்மாய்க்காரர்கள் கேட்க வருவார்கள். நம் கண்மாய்கள் ஒன்றன் மிச்சத்தில் இன்னொன்று நிரம்புகிறவை. சண்டையைப் பற்றிக் கேட்டால் அந்தத் தொடர் முழுவதும் வெளியே வந்துவிடும்.

"ஒத்துமையா இருந்தாக" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரார் கூடிக் கண்மாயைச் சீர்செய்யும் குடிமராமத்துக்கு ஆள் வர வைக்க 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஓராள் வராவிட்டால் என்ன அபராதம், யார் விதித்தார், யாருக்கு விலக்கு, யார் வீட்டு ஆள் மட்டும் எப்போதும் சேற்றில் நின்றார் என்று கேளுங்கள். சேவை செய்யப் புறப்படுகிறவர்களுக்குப் பழைய காலத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஆசை கொஞ்சம் அதிகம். பதிவுக்கு அது கெடுதல்.

யாரிடம் கேட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் முன்னாள் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயில் காரியக்காரர் என்றுதான் பட்டியல் தொடங்கும். கண்மாயை அறிந்தவர் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சி. சில ஊர்களில் மடைக்குடும்பன் என்பார்கள். அவரைச் சாவடிக்குக் கூப்பிடாதீர்கள். நிலக்காரர்கள் முன்னால் எதைச் சொல்லலாமோ அதை மட்டும்தான் அங்கே சொல்வார். அவர் வீட்டுக்குப் போய், அவர் காட்டும் இடத்தில் உட்காருங்கள். ஆடு மேய்ப்பவருக்கு எந்த ஓடை முதலில் ஓடும் என்று தெரியும். நடவுக்கும் களைக்கும் போன பெண்களுக்கு எந்த வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பது தெரியும். தண்ணீர் வற்றி மீன்பிடி நடக்கும்போது ஊத்தாவோடு (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை) யார் முதலில் இறங்கலாம், குத்தகைப் பணம் எந்தக் கணக்கில் போனது என்பதையும் கேட்டு வையுங்கள்.

சீமைக்கருவேலத்தை வெறுமனே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். அதில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்களும் உங்கள் பக்கத்தில் உண்டு. அவர்கள் குரலும் பதிவில் இருக்கட்டும்.

ஆண்டு கேட்டால் தடுமாறுவார்கள். 1964 தனுஷ்கோடிப் புயலுக்கு முன்பா பின்பா, எம்.ஜி.ஆர். முதல்வரானதற்கு முன்பா, ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டதா என்று நெருக்கிக்கொண்டு வாருங்கள். அவர் சொன்னதை ஒரு வரியிலும் உங்கள் கணிப்பை வேறு வரியிலும் எழுதுங்கள்.

இனி காற்றுச் சத்தம். கரையில் வைத்துப் பதிவு செய்யாதீர்கள். முதலில் அவரோடு கரையில் நடந்து மடை, கலுங்கு, வரத்துக்கால் மூன்றையும் படம் எடுத்து நோட்டில் குறியுங்கள். பிறகு வீட்டுத் திண்ணையிலோ ஓட்டு வீட்டுக்குள்ளோ உட்காருங்கள். வெறும் கான்கிரீட் அறை எதிரொலிக்கும். மின்விசிறி, டிவி நின்றிருக்கட்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், பாதியில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடலாம். சட்டைமைக் இருந்தால் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். துண்டு உரசாத பக்கமாகப் பாருங்கள். மைக் இல்லையென்றால் மடித்த துண்டின் மேல் போனை வைத்து ஒரு முழத்துக்குள் நெருக்குங்கள். கட்டில் மேலோ ஸ்டீல் மேசை மேலோ வைத்தால் ஒவ்வொரு அசைவும் இடியாகக் கேட்கும். அரை நிமிடம் பதிந்து, இயர்போனில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

போனில் பதிவு அமைப்பு: வேவ் (WAV) வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. மணிக்குச் சுமார் 350 எம்பி ஆகும், இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து சேர்த்தால் ஒலி சுருங்கிவிடும். கோப்பின் பெயரில் தேதி, ஊர், வரிசை எண். மூன்று பிரதி, அதில் ஒன்று ஊருக்கு வெளியே. ஒரு மணி நேரப் பேச்சை முழுதாக எழுத ஆறேழு மணி நேரம் பிடிக்கும், தொண்டர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் களைத்துக் கைவிடுகிறார்கள். முதலில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் குறிப்பு மட்டும் போடுங்கள். மடை, கலுங்கு, தகராறு வரும் பகுதிகளை மட்டும் முழுதாக எழுதுங்கள். "இருந்தாக" என்பதை "இருந்தார்கள்" என்று திருத்த வேண்டாம்.

பதிவின் தொடக்கத்தில் பெயர், ஊர், தேதி சொல்லி, "ஊர்ல போட்டுக் காட்டலாமா?" என்றும் "நெட்ல போடலாமா?" என்றும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவதற்குச் சரி சொல்பவர் இரண்டாவதற்கு மறுக்கலாம்.

தூர்வாரும் முன் ஒரு மாலை, தேர்ந்தெடுத்த இருபது நிமிடங்களை ஊரில் போட்டுக் காட்டுங்கள். "அது அப்படி இல்ல" என்று நாலு பேர் எழுவார்கள். அவர்களையும் பதியுங்கள், மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். வரத்துக்காலை இன்னார் அடைத்து வயலாக்கிவிட்டார் என்று யாராவது சொல்லியிருந்தால் மட்டும் அந்தத் துண்டை அன்று ஒலிபரப்பாதீர்கள். ஊர்ப் புல வரைபடத்தையும் ஒவ்வொரு சர்வே எண்ணின் நில விவரமும் உள்ள ‘அ’ பதிவேட்டையும் வைத்து நீங்களே சரிபார்த்து, குழுவின் பெயரில் வட்டாட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள். சொன்ன கிழவர் மறுநாளும் அதே தெருவில் நடக்க வேண்டியவர்.