சராசரி கூடியது சரி, வேலை போய்க் கரையில் நின்றுவிட்டவர்கள் எங்கே?

அலாஸ்காவின் பெரிங் கடல் நண்டுத் தொழிலில் 2005-இல் தனிநபர் கோட்டா (யார் எவ்வளவு பிடிக்கலாம் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடும் முறை) வந்த பிறகு படகுத் தொழிலாளியின் சராசரி வருமானம் ஏறியிருக்கிறது, ஆனால் பேட்டியில் எல்லாரும் நொந்து பேசுகிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நம்புங்கள். உங்கள் சராசரியில் இருப்பது படகில் மிஞ்சியவர்கள் மட்டும். பிரிஸ்டல் வளைகுடா சிவப்பு ராஜநண்டுக்குக் கோட்டா வருவதற்கு முந்தைய ஆண்டு சுமார் 250 படகுகள் போயின. 2005-இல் 90-க்கும் குறைவு. படகுக்கு ஐந்து பேர் என்றாலே 800 பேர் வேலை இழந்திருக்கிறார்கள். முந்தைய ஆண்டுப் பட்டியலை எடுத்து, அதே ஆட்களைத் தேடிப் பிடியுங்கள். சிரமம்தான், ஆனால் அவர்களை விட்டுவிட்டால் ஆய்வே ஒருபக்கமாகிவிடும்.

அப்புறம் பங்குக் கணக்கு, அதாவது தொழிலாளிக்குக் கூலியாகப் பிடிப்பின் மதிப்பில் கிடைக்கும் பங்கு. கோட்டாவில் 3 சதவீதம் கேப்டன்களுக்குப் போனது, சாதாரணத் தொழிலாளிக்கு எதுவும் இல்லை. கோட்டாவைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டும் படகில் குத்தகைப் பணத்தைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிப்பது வழக்கமாகிவிட்டது. அதனால் மொத்த வருமானத்தோடு நிற்காமல், பிடிப்பின் மதிப்பில் எத்தனை சதவீதம் தொழிலாளியின் கைக்கு வந்தது என்று பாருங்கள். நாள் கணக்கும் வேண்டும்: முன்பு சில நாளில் முடிந்த பருவம் இப்போது வாரக்கணக்கில் நீள்கிறது.

பேட்டியில் பாதுகாப்பைப் பற்றியும் கேளுங்கள். புயலிலும் ஓடிப் பிடித்தாக வேண்டிய கட்டாயம் குறைந்ததைப் பலர் நன்மையாகவே சொல்லக்கூடும்.