அவருக்கு வந்த கடிதத்தை நீங்கள் ஏன் பிரிக்கிறீர்கள்?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 7 ஆண்டுகள் ஆகின்றன. மனைவி வேலைக்குப் போகிறாள். சென்ற மாதம் என்னைக் கேட்காமல் தன் தாயின் மருந்துச் செலவுக்கு 5,000 ரூபாய் அனுப்பிவிட்டாள். கேட்டதற்கு எதிர்த்துப் பேசினாள். கோபத்தில் கை நீட்டிவிட்டேன். எபேசியர் 5:22ஐக் காட்டியும் அடங்கவில்லை. அவளுக்கு உணர்த்த வேறு என்ன வசனம் இருக்கிறது?
– பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: சகோதரரே, அவருக்கு உணர்த்த என்னிடம் வசனம் ஏதும் இல்லை. உங்களுக்கு வேண்டுமானால் நிறைய இருக்கிறது.

புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று சொல்லும், நீங்கள் காட்டிய அந்த வேத வசனம் 'மனைவிகளே' என்று தொடங்குகிறது. விலாசம் தெளிவாகத்தானே இருக்கிறது? அவர் பெயருக்கு வந்த கடிதத்தை நீங்கள் பிரித்து, உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறீர்கள். 'புருஷர்களே, உங்கள் மனைவிகளைக் கீழ்ப்படியச் செய்யுங்கள்' என்று புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் கிடையாது. உங்களுக்கான தபால் 25ஆம் வசனத்தில் வருகிறது: "புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள்." எந்த அளவுக்கு என்றால், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த அளவுக்கு. மனைவிகளிடம் மூன்று வசனம் பேசிய பவுல் (எபேசியர் நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன்), அதன்பின் அதிகாரம் முடியும்வரை பெரும்பாலும் உங்களைத்தான் உட்காரவைத்துப் பேசுகிறார். (33இன் பிற்பாதியில் மனைவிக்கும் ஒரு வரி உண்டு. அதைக் காட்டி அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்.)

22க்கு முந்தின வசனம், "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22இல் 'கீழ்ப்படியுங்கள்' என்ற வினைச்சொல்லே இல்லை. 21இல் இருப்பதை இரவல் வாங்கித்தான் அந்த வாக்கியம் நிற்கிறது. மனைவியை ஆளுவது ஆண் என்று அரிஸ்டாட்டில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். ரோமச் சட்டமும் குடும்பத் தலைவன் கையில் பிரம்பைக் கொடுத்திருந்தது. அதைத் திரும்பச் சொல்ல ஒரு அப்போஸ்தலன் எதற்கு?

29ஆம் வசனத்தில், ஒருவன் தன் மாம்சத்தைப் "போஷித்துக் காப்பாற்றுகிறான்" என்று வருகிறது. மனைவியிடமும் அப்படியே இருக்கச் சொல்கிறார். 'காப்பாற்றுகிறான்' என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் 'தால்போ'. கதகதப்பாக வைத்துக்கொள்வது என்று பொருள். புதிய ஏற்பாட்டில் அது இன்னும் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது: 1 தெசலோனிக்கேயர் 2:7, பால்கொடுக்கிற தாய் தன் பிள்ளைகளைக் காப்பாற்றுவது. புருஷனுக்குப் பவுல் தேடிப்பிடித்த சொல், தாய்மடிக்குரிய சொல்.

எங்கள் ஊர்ச் சபையில் ஓர் உபதேசியார் இருந்தார். பக்கவாதத்தில் மனைவிக்கு வலது கை விழுந்துவிட்டது. ஞாயிறு காலை முதல் மணி அடிக்கும்போது, திண்ணையில் அவரை உட்காரவைத்துத் தலைவாரிப் பின்னிவிடுவார். வகிடு ஒருநாளும் நேராக வந்ததில்லை. ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டே, அன்றைக்குப் பிரசங்கிக்கப்போகும் வசனத்தை அந்த அம்மாவிடம் ஒப்பித்துக்காட்டுவார். அவர் எபேசியர் 5ஐப் பிரசங்கித்து நான் கேட்ட நினைவில்லை.

கை நீட்டியதற்கு வருகிறேன். ஒரே அரைவரியில் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் தாண்டுவதாக இல்லை. எந்தக் குற்றமும் மனைவியை அடிக்கக் காரணமாகாது என்று 1,600 ஆண்டுகளுக்கு முன்பே ஆதித் திருச்சபையின் பெரிய பிரசங்கியார் கிறிசோஸ்தோம் பிரசங்கித்தார். மனைவிக்குரிய கனத்தைச் செய்யுங்கள், "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 3:7). குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிறிஸ்தவப் புருஷனுக்கென்று விதிவிலக்கு எதுவும் இல்லை. இந்தப் பக்கத்தை உங்கள் மனைவி படிக்கக்கூடும் என்பதால் அவருக்கும் சொல்லிவைக்கிறேன்: பெண்களுக்கான உதவி எண் 181.

பணமா? மாற்கு 7ஐப் படியுங்கள். பெற்றோருக்கு உதவ வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்று அங்கே இருக்கிறது. அவர்களாவது தேவனுடைய பெயரைச் சொல்லி நிறுத்தினார்கள்.

முதலில் மன்னிப்புக் கேளுங்கள், 'ஆனால்' என்று இழுக்காமல். பிறகு, எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அவருடைய தாயாருக்கு என்ன நோய், இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே?